பள்ளிவாசல் பாதுகாப்புக்கு அரச உதவி: விண்ணப்பத்துக்கு முன் ஒரு கோப்பு வேண்டும்

ரமழான் நெருங்கும்போதெல்லாம் எமது பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழுகிறது. மதிலை உயர்த்த, சிசிடிவி கமரா பொருத்த, வாசலில் நல்ல விளக்குப் போட அரசாங்கத்திடம் ஏதாவது உதவி கிடைக்காதா? லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் உறவினர் ஒருவர், "இங்கே பள்ளிக்கு அரசாங்கமே கமரா போட்டுக் கொடுக்கிறது" என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டவர் கூட்டத்தில் சொல்வார். பிறகு தேநீர் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு நேரான பதில் இதுதான். வழிபாட்டுத் தலங்களின் பாதுகாப்புக்கென்றே ஆண்டுதோறும் விண்ணப்பம் கோரி மானியம் வழங்கும் தனியான திட்டம் எதுவும் எமது நாட்டில் இல்லை. ஆனால் சேதத்துக்குப் பின் இழப்பீடு கோர வழி இருக்கிறது. காப்புறுதி இருக்கிறது. சிறு வேலைகளுக்குப் பிரதேச மட்ட நிதிகள் இருக்கின்றன. இவற்றில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "உங்கள் ஆவணங்கள் எங்கே?"

இந்த ஆவணங்களைச் சம்பவத்துக்குப் பிறகு உருவாக்க முடியாது. முன்னரே செய்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எமது கரையோரம் கண்டது

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எமது மாவட்டத்தின் தெற்கு எல்லைக்கு அப்பால், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயமும் அன்று இரத்தத்தில் நனைந்தது. மூன்று வாரங்கள் கழிந்து, மே 12ஆம் திகதி, பேஸ்புக் பதிவொன்றைக் காரணமாகக் கொண்டு சிலாபத்தில் பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை குருநாகல் மாவட்டத்தின் குளியாப்பிட்டிய, ஹெட்டிபொல பகுதிகளுக்கும், கம்பஹா மாவட்டத்தின் மினுவாங்கொடைக்கும் பரவியது. எமது மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு சகோதரர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது ரமழான் மாதம். வடமேல் மாகாணத்தில் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது.

அந்த நாட்களில் பாதிக்கப்பட்டவர்களிடம் அலுவலகங்கள் கேட்டவை என்ன? பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், சொத்தின் உரிமை ஆவணம், சேத மதிப்பீடு. கடைக்காரருக்கு வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் இருந்தன. ஆனால் பள்ளிவாசல் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. எல்லோருக்கும் உரியது என்பதாலேயே அதன் ஆவணங்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஒலிபெருக்கி எத்தனை வோட்? கம்பளம் எந்த ஆண்டு, எவ்வளவுக்கு வாங்கினோம்? குளிரூட்டியை அன்பளிப்பாகத் தந்தவர் யார்? எரிந்த பிறகு இவற்றை நினைவிலிருந்து சொன்னால் எந்த அதிகாரியும் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

அதே 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழிபாட்டுத் தலங்களைக் காப்பதற்கான செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அதன்பின் பல நாடுகளில் வலுப்பெற்றது. உறவினர் சொல்லும் திட்டங்கள் உண்மையில் எப்படி நடக்கின்றன என்று பார்த்தால் எமக்கும் பாடம் இருக்கிறது.

அமெரிக்காவில் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியத் திட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அவசரகால முகாமைத்துவத்துக்குப் பொறுப்பான மத்திய அரச நிறுவனமே அதை நடத்துகிறது. 2023 நிதியாண்டில் அதற்கு 305 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டில் ஒரு கட்டடத்துக்கு ஆகக் கூடியது 150,000 டொலராக இருந்தது. தேவாலயம், யூத ஆலயம், பள்ளிவாசல், கோயில் எல்லாமே விண்ணப்பிக்கலாம். ஆனால் அமைப்பு நேரே தலைநகருக்கு விண்ணப்பம் அனுப்ப முடியாது. தனது மாநில நிர்வாகத்தின் வழியாகவே போக வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு என்ன ஆபத்து, எந்த இடம் பலவீனம், கேட்கும் பொருள் அந்தப் பலவீனத்தை எப்படிச் சரிசெய்யும் என்பதை மதிப்பீட்டு அறிக்கையோடு காட்ட வேண்டும். அடுத்த நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. அங்கீகாரம் கிடைத்த பிறகு அமைப்பே முதலில் செலவு செய்து, பற்றுச்சீட்டுக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். அங்கீகாரத்துக்கு முன் செய்த செலவு திரும்பக் கிடைக்காது.

பிரித்தானியாவில் வழிபாட்டுத் தலங்களுக்கான திட்டம் 2016இல் தொடங்கியது. 2022இல் பள்ளிவாசல்களுக்கெனத் தனித் திட்டம் வந்தது. 2024 மார்ச்சில், நான்கு ஆண்டுகளுக்கு 117 மில்லியன் பவுண் என அரசாங்கம் அறிவித்தது. அங்கே பெரும்பாலும் பணம் கையில் தரப்படுவதில்லை. தெரிவான பள்ளிவாசலுக்குக் கமரா, அலாரம், வேலி போன்றவற்றை ஒப்பந்தக்காரர் வந்து பொருத்திக் கொடுப்பார்.

இரண்டு நாடுகளிலும் பொதுவானவை மூன்று. அமைப்பு சட்டப்படி அடையாளம் காட்டக் கூடியதாக இருக்க வேண்டும். ஆபத்தை எழுத்தில் விளக்க வேண்டும். கிடைத்ததற்குக் கணக்கும் பொறுப்பும் காட்ட வேண்டும். இந்த மூன்றையும் புத்தளத்தில் இருந்துகொண்டே நாம் இன்றைக்குச் செய்யலாம். அதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் தேவையில்லை.

இங்கே இருக்கும் கதவுகள்

முதலாவது, இழப்பீடு. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. யுத்தத்தால் பாதிக்கப்பட்டோர் மட்டுமன்றி, அரசியல் குழப்பங்கள், சிவில் கலவரங்களால் பாதிக்கப்பட்டோரும் அதன் எல்லைக்குள் வருகிறார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பாதிக்கப்பட்டோருக்கான நிதியத்தை இந்த அலுவலகத்திலேயே பேணுமாறு பணித்தது. இது சகல சமூகங்களுக்கும் பொதுவான கதவு. ஆனால் அதன் பாதை கிராம உத்தியோகத்தரிலும் பிரதேச செயலகத்திலும் தொடங்குகிறது. அந்த இரண்டு இடங்களிலும் உங்கள் பள்ளிவாசல் ஏற்கனவே பதிவில் இருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, காப்புறுதி. இதைப் பற்றி எமது நிர்வாகங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. சாதாரண தீக் காப்புறுதி மட்டும் இருந்தால் கலகக் கும்பல் வைத்த தீக்கு இழப்பீடு கிடைக்காது. வேலைநிறுத்தம், கலவரம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இந்த மேலதிகக் காப்புக்குப் பின்னால் இருப்பது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச நிறுவனமான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். வட்டி சார்ந்த காப்புறுதியில் தயக்கம் உள்ளவர்களுக்குத் தகாபுல் முறை இருக்கிறது. அங்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "கலவரம் இதில் அடங்குமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, பிரதேச மட்ட நிதிகள். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கான பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஒதுக்கப்படும் காலங்களில், பதிவு செய்யப்பட்ட சங்கங்களும் வழிபாட்டுத் தலங்களும் பிரதேச செயலகத்தின் ஊடாகச் சிறு தேவைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வாசல் விளக்கு, மதில் திருத்தம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். தெரு விளக்குக்கு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளிடம் கடிதம் கொடுக்கலாம்.

நான்காவது, பொலிஸ் நிலையம். செலவே இல்லாதது இதுதான். தறாவீஹ் தொழுகைக் காலம், பெருநாள், பெரும் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துப் பாதுகாப்புக் கோருங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கி வைத்த கடிதம், நாளை ஏதாவது நடந்தால் "நாங்கள் முன்னரே சொன்னோம்" என்பதற்கு ஆதாரம்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

ஆண்டு இறுதியில் எமது பாடசாலைகளில் பொருட் கணக்கெடுப்பு நடக்கிறது. கதிரை, மேசை, மின்விசிறி எல்லாம் எண்ணப்படுகின்றன, உடைந்தது வேறாக எழுதப்படுகிறது. அரச பாடசாலையின் ஒரு பிளாஸ்டிக் கதிரைக்கு இருக்கும் பதிவு, இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான பள்ளிவாசல் சொத்துக்கு ஏன் இருக்கக் கூடாது? கோப்பில் பின்வருவன இருக்கட்டும்.

பதிவுச் சான்றிதழ். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பள்ளிவாசல் பதிவாகியிருக்க வேண்டும். நலன்புரிச் சங்கமாகவோ மத்ரஸாவை நடத்தும் அமைப்பாகவோ இயங்குபவர்கள், தங்கள் அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்பதை அறிந்திருக்க வேண்டும். அது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டமாக இருக்கலாம், கம்பனிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவாகவும் இருக்கலாம்.

நம்பிக்கையாளர் நியமனக் கடிதம். நியமனக் காலம் முடிந்த நிர்வாகம் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அலுவலகம் திருப்பி அனுப்பலாம். இரண்டு தரப்பு தாமே நிர்வாகம் என்று சொல்லும் ஊரில் பணம் எவருக்கும் போகாது. அத்தகைய தகராறுகளுக்கு வக்பு சபையும் வக்பு நியாய சபையும் இருக்கின்றன. கல் விழும் நாள் வரை அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

காணி ஆவணம், கட்டட வரைபடம், உள்ளூராட்சி சபையின் அனுமதி. பழைய கட்டடமாயின் வரிச் சீட்டு, மின்சாரப் பட்டியல்.

பொருட்பதிவேடு. பொருள், வாங்கிய திகதி, விலை, பற்றுச்சீட்டு இலக்கம். அன்பளிப்பாயின் தந்தவரின் கடிதம். கட்டடத்தின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள், ஆண்டுக்கு ஒரு தடவை.

கணக்கு. பள்ளிவாசலின் பெயரில் வங்கிக் கணக்கு, திணைக்களத்துக்குச் சமர்ப்பித்த கணக்கறிக்கைகளின் பிரதிகள். தனிநபர் கணக்குக்கு அரசாங்கம் காசோலை எழுதாது.

சம்பவக் குறிப்பேடு. கல்லெறி, மிரட்டல் அழைப்பு, சுவரில் எழுதிய வாசகம், சந்தேகத்துக்கிடமான வாகனம். எவ்வளவு சிறியதானாலும் திகதி, நேரம், கண்டவர், பொலிஸில் பதிந்த முறைப்பாட்டு இலக்கம் எழுதப்பட வேண்டும். ஆபத்து இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

இவை அனைத்திலும் ஒரு பிரதி பள்ளிவாசலுக்கு வெளியே வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். பள்ளியோடு சேர்ந்து எரியும் கோப்பால் பயனில்லை.

ஒரு பக்க ஆபத்து மதிப்பீடு

இதற்கு நிபுணர் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னும், ஒரு நாள் இஷாவுக்குப் பின்னும் நான்கு பேர் பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். இருட்டான மூலை எது? பெண்கள் பகுதிக்கு வெளியேறும் வழி ஒன்றா இரண்டா? எரிவாயு சிலிண்டர் எங்கே இருக்கிறது? வீதியிலிருந்து எறியும் கல் எந்தக் கண்ணாடியில் படும்? மத்ரஸா மாணவர்கள் இரவில் தங்கினால் அவர்களை எந்த வழியால் வெளியே எடுப்பது?

பிறகு எழுதுங்கள். "கமரா வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை. "பின்பக்க ஒழுங்கையில் விளக்கு இல்லை, கடந்த ஆண்டு இரண்டு தடவை அந்தப் பக்கமிருந்து கல் வந்தது, அதற்கு ஒரு விளக்கும் ஒரு கமராவும் தேவை, மூன்று விலைக்கோரல்கள் இணைக்கப்பட்டுள்ளன" என்று எழுதினால் அது விண்ணப்பம். பிரதேச செயலகத்துக்கும், தனவந்தருக்கும், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் சங்கத்துக்கும் இதே பக்கத்தைக் கொடுக்கலாம்.

ஏதாவது நடந்துவிட்டால்

உயிர்தான் முதலாவது. ஆட்களை வெளியேற்றிய பிறகே மற்றவை. எமது மக்களின் நல்ல பழக்கம், உடனே கூடிக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி, கழுவி, அடுத்த வக்துத் தொழுகைக்குப் பள்ளியைத் தயார் செய்வது. அதைச் சில மணி நேரம் பொறுங்கள். பொலிஸார் பார்வையிட்டு, எல்லாக் கோணத்திலும் படம் எடுத்த பிறகு துப்புரவு செய்யுங்கள். அதுவரை முற்றத்தில் தொழலாம்.

முறைப்பாட்டில் "சேதம்" என்று மட்டும் சொல்லாமல், வழிபாட்டுத் தலம் தாக்கப்பட்டது என்பதைத் தெளிவாகப் பதியச் சொல்லுங்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 290ஆம் பிரிவு, ஒரு மதத்தை இழிவுபடுத்தும் நோக்கில் வழிபாட்டுத் தலத்துக்குச் சேதம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாகவே காண்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் கேட்டுப் பெறுங்கள். கமராப் பதிவைப் பிரதி எடுத்த பின்னரே மூலத்தைக் கையளியுங்கள், கையளித்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

விண்ணப்பம் கொடுத்து மாதங்கள் கழிந்தும் பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "எமது விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, யாருடைய மேசையில் இருக்கிறது" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். யாரையும் கெஞ்சிக் கேட்கும் காரியமல்ல இது. இந்நாட்டுப் பிரசைக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை.

குடியேற்றக் கிராமங்களின் நிலை

ஒரு விடயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது சகோதரர்கள் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் குடியேறினார்கள். ஓலைக் கொட்டிலாகத் தொடங்கிய தொழுகை இடங்கள் பின்னர் கல்லால் எழுந்தன. அகதி முகாமில் உறுதிப்பத்திரம் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? காணி இன்னும் தனிநபர் ஒருவரின் பெயரில் இருக்கிறதா, வக்பு செய்யப்பட்டதா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதை அந்தந்த ஊர் நிர்வாகங்கள் இப்போதே பார்க்க வேண்டும். காணியைத் தந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையொப்பத்தில் முடியும் காரியம், அவர் மௌத்தான பின் வாரிசுகள் பல ஊர்களில் சிதறிய நிலையில் பல ஆண்டுகள் இழுபடும். 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பின்னர் புதிய வழிபாட்டுத் தலங்களுக்குச் சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் அங்கீகாரமும் கேட்கப்படுகிறது. அதற்குப் பிந்திய கட்டடங்களுக்கு இதுவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு தயக்கங்கள்

அரசாங்கத்தின் பணத்தை வாங்கினால் அரசாங்கம் பள்ளிக்குள் வந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டு ஏழு பேர் ஷஹீதான வரலாறு எமது நகரத்துக்கு இருக்கிறது. அந்தத் தயக்கத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆகவேதான் நிபந்தனைகளை வாசிக்காமல் எதிலும் கையொப்பமிடக் கூடாது என்கிறோம். கமரா வாசலையும் மதிலையும் பார்க்கட்டும், தொழும் இடத்தையும் பெண்கள் பகுதியையும் பார்க்க வேண்டியதில்லை. பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்பதை நிர்வாகம் தீர்மானித்து எழுதி வைக்கட்டும்.

மதிலும் கமராவும் எம்மை அயலவரிடமிருந்து பிரிக்காதா என்பது இரண்டாவது தயக்கம். தனித்துச் செய்தால் பிரிக்கலாம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை ஒரே வீதியில் பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் விகாரையும் இருக்கின்றன. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயமும், மூன்று வாரத்தில் பள்ளிவாசலும் இலக்காயின. ஆகவே விளக்குக்கான கடிதத்தில் பங்குத் தந்தையும், கோயில் அறங்காவலரும், விகாராதிபதியும் சேர்ந்து கையொப்பமிடட்டும். வழிபாட்டுத் தலங்களுக்கு முன்கூட்டிய பாதுகாப்பு மானியம் வேண்டும் என்ற கோரிக்கையையும் அப்படியே எழுப்புவோம். எரிந்த பின் இழப்பீடு கொடுப்பதைவிட எரியாமல் காப்பது அரசாங்கத்துக்கும் செலவு குறைவு. நான்கு மதத்தவரும் ஒன்றாகக் கேட்டால், இது ஒரு சமூகத்தின் சலுகை என்று எவரும் சொல்ல முடியாது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். தனிமனிதர் இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கலுக்கே எழுத்தை அவ்வளவு வலியுறுத்தும் மார்க்கத்தில் இருக்கும் நாம், ஒரு ஊரின் அமானிதத்தை நினைவில் மட்டும் வைத்திருப்பது தகாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன், செயலாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எமது பதிவுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? யாரும் உடனே பதில் சொல்லாவிட்டால், அன்றைய கூட்டத்தின் முதல் வேலை அதுதான். ஊரில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருவரை அழைத்து ஒரு பொருட்பதிவேட்டைக் கொடுங்கள். ஒரு வார இறுதியில் முடித்துத் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.